திரும்ப வேண்டிய வரிப்பணமும் குடும்ப நிதியும்

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அரசின் வருவாயைப் பற்றிப் பேசுவோர், வரி எவ்வாறு விதிக்கப்படுகிறது, எவ்வளவு திரள்கிறது, எவ்வாறு செலவிடப்படுகிறது என்பவற்றையே பெரிதும் ஆராய்கின்றனர். திரண்ட வரியில் ஒரு பகுதி, செலுத்தியவரிடமே திரும்பிச் செல்கிறது என்னும் செய்தி அத்துணைக் கவனம் பெறுவதில்லை. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் நேர்முக வரிகளாக மொத்தம் ஏறத்தாழ 27 இலட்சம் கோடி ரூபாய் திரண்டது. அதில் ஏறத்தாழ நாலே முக்கால் இலட்சம் கோடி ரூபாய் வரி செலுத்தியோருக்குத் திருப்பித் தரப்பட்டது. கருவூலத்திற்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினேழு ரூபாய்க்கு மேல் வந்த வழியே சென்றுவிட்டது என்று பொருள். பெரிய நிறுவனங்கள் பெற்ற தொகையும் இக்கணக்கில் அடங்கும். ஆயினும் எண்ணிக்கையை நோக்கினால், சில ஆயிரம் ரூபாய்க்காகக் காத்திருக்கும் ஓய்வூதியர், கைம்பெண், சிறு ஒப்பந்தக்காரர், தனியார் நிறுவன ஊழியர் ஆகியோரையே இத்துறையில் எங்கும் காணலாம்.

பொதுமக்கள் ‘ரீபண்டு’ என்று கூறும் இத்திருப்புத் தொகையை அரசு வழங்கும் உதவியாகக் கருதும் வழக்கம் மக்களிடையேயும் உண்டு, அலுவலகங்களிலும் உண்டு. அது பிழை. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படவோ வசூலிக்கப்படவோ கூடாது என்று அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு விதிக்கிறது. சட்டப்படி உரிய வரிக்கு மேல் அரசிடம் தங்கியுள்ள ஒவ்வொரு ரூபாயும் குடிமகனுடைய பணமே. குடும்பங்களின் பொருள்நிலையைத் தாங்க அரசு மானியம் தரலாம், வரிச்சலுகை அறிவிக்கலாம். அவற்றிற்கெல்லாம் முன்னதாக ஆற்ற வேண்டிய கடமை, குடும்பத்திற்குச் சொந்தமான பணத்தைக் காலத்தே, குறையாமல், அலைய வைக்காமல் திருப்பித் தருவதாகும்.

பிடித்தம் மிகுவது ஏன்?

உரிய வரிக்கு மேல் பணம் எவ்வாறு அரசிடம் சேருகிறது? வருமானம் கைக்கு வருமுன்னரே அதைத் தருபவர் ஒரு பகுதியைப் பிடித்து அரசிடம் செலுத்தும் முறையே இதற்கு முதன்மைக் காரணம். சம்பளம், வைப்புத்தொகை வட்டி, ஒப்பந்தக் கூலி, தரகு, வாடகை எனப் பல இனங்களில் இம்முறை செயற்படுகிறது. வரி ஏய்ப்பைத் தடுக்கவும், ஆண்டு முழுவதும் அரசுக்குச் சீராகப் பணம் வரவும் இது பயன்படுகிறது. ஆனால் பணம் தருபவருக்கு, பெறுபவரின் முழு வருமானம் தெரியாது. வட்டி தரும் வங்கி வட்டியை மட்டுமே அறியும். அக்குடும்பத்திற்கு வேறு வருமானம் உண்டா, வரி செலுத்தும் நிலையில் அது உள்ளதா என்பதை அது அறியாது. ஆகவே பிடித்தம் ஒரு மதிப்பீடாகவே அமைகிறது. மதிப்பீடு தவறும்போது சுமை சிறியவர் தலையில் விழுகிறது.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். 58 வயதான ஒரு கைம்பெண், கணவரின் பணி ஓய்வுப் பணமான 12 இலட்சம் ரூபாயை வங்கியில் நூற்றுக்கு ஏழு வட்டிக்கு வைத்துள்ளார் என்று கொள்வோம். ஆண்டு வட்டி 84,000 ரூபாய். வீட்டின் ஒரு பகுதியிலிருந்து மாதம் 3,000 ரூபாய் வாடகை வருகிறது. ஆண்டு வருமானம் மொத்தம் 1,20,000 ரூபாய். 2025-26ஆம் ஆண்டிற்குரிய புதிய வரிமுறையில் 4 இலட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. எனினும், மூத்த குடிமக்கள் அல்லாதோரின் வங்கி வட்டி ஆண்டிற்கு 50,000 ரூபாயைக் கடந்தால் பத்து விழுக்காடு பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் அமைந்த விதி. எனவே 8,400 ரூபாய் பிடிக்கப்படுகிறது. பான் எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணை அவர் வங்கிக்குத் தராதிருந்தால் பிடித்தம் இருபது விழுக்காடாகி 16,800 ரூபாய் ஆகும். வரியே செலுத்த வேண்டாத ஒருவரிடமிருந்து, மாதத்திற்கு 700 ரூபாய் வீதம் கழிந்துவிடுகிறது. அந்த 700 ரூபாய் ஒரு சிறு குடும்பத்தின் மருந்துச் செலவாக இருக்கலாம். சமையல் எரிவாயுச் செலவாக இருக்கலாம்.

முன்னரே தடுக்கும் வழிகள்

இத்தகையோருக்குச் சட்டம் ஒரு வழி வகுத்துள்ளது. தமது வருமானத்திற்கு வரி ஏதும் இல்லை என்று எழுத்து மூலம் உறுதி கூறினால் வங்கி பிடித்தம் செய்யாது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்ட நடைமுறையில் அறுபது வயதிற்குட்பட்டோருக்கான படிவம் 15-ஜி என்றும், அறுபது நிறைந்தோருக்கான படிவம் 15-எச் என்றும் வழங்கி வந்தன. இதை ஆண்டுதோறும், ஆண்டின் தொடக்கத்திலேயே தர வேண்டும். ஏப்ரலில் தர மறந்தவர் மார்ச்சில் நினைவு கூர்ந்து பயனில்லை. பிடித்த வரியை வங்கி அரசிடம் செலுத்திய பின் வங்கியே அதைத் திருப்பித் தர இயலாது. வருமானக் கணக்கைத் தாக்கல் செய்து வரித்துறையிடமிருந்தே பெற வேண்டும்.

ஒப்பந்தப் பணி செய்வோரும், வாடகை பெறுவோரும் குறைந்த விகிதத்தில் பிடிக்குமாறு வரி அலுவலரிடம் சான்று பெற இயலும். மூத்த குடிமக்களின் வங்கி வட்டிக்கு, பிடித்தமின்றி விடப்படும் எல்லை 2025 ஏப்ரல் முதல் 50,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், புதிய வரிமுறையில் 12 இலட்சம் ரூபாய் வரையிலான வருமானத்திற்கு, தனி விகித வரிக்குரிய வருமானங்கள் நீங்கலாக, வரியே எழாதவாறு தள்ளுபடி அளித்தது. இவையெல்லாம் குடும்ப நிதிக்கு மெய்யான ஆதரவுகளே. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும்: தள்ளுபடி மிகுமளவிற்கு, வரி இல்லாதிருந்தும் பிடித்தத்திற்கு உள்ளாகும் குடும்பங்களின் தொகையும் மிகும். சலுகை அறிவிப்பில் கிடைக்கிறது. பணமோ திருப்புத் தொகையாக வந்தாலன்றிக் கையில் சேராது.

காலமும் வட்டியும்

திருப்புத் தொகை வழங்கும் முறையில் கடந்த இருபது ஆண்டுகளில் பெரும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. முன்பு காசோலை அஞ்சலில் வரும். முகவரி மாறியிருந்தால் திரும்பிப் போகும். அலுவலகத்திற்கு நடக்க வேண்டும். பெங்களூரில் 2009இல் தொடங்கப்பெற்ற மையக் கணக்குப் பரிசீலனை நிலையம், கணக்குகளை ஓரிடத்தில் கணிப்பொறியால் பரிசீலிக்கத் தொடங்கியது. 2019 மார்ச் முதல், நிரந்தரக் கணக்கு எண்ணுடன் இணைந்த வங்கிக் கணக்கிலேயே தொகை நேராகச் செலுத்தப்படுகிறது. கணக்குகளைப் பரிசீலித்துத் திருப்புத் தொகை வழங்க 2013இல் சராசரியாக 93 நாட்கள் ஆயின என்றும், 2024இல் அது 17 நாட்களாகக் குறைந்தது என்றும் அரசு தரப்புப் புள்ளிவிவரங்கள் கூறின. இது பாராட்டுக்குரிய சாதனை.

எனினும் சராசரி வேறு, உரிமை வேறு. 1961 சட்டத்தின் 143(1)ஆம் பிரிவின்படி, கணக்குத் தாக்கலான நிதியாண்டு முடிந்தபின் மேலும் ஒன்பது மாதங்கள் வரை பரிசீலனைக்கு அவகாசம் உண்டு. 2025 ஆகஸ்டில் தாக்கலான கணக்கை 2026 டிசம்பர் 31 வரை வைத்திருந்தாலும் அலுவலகம் சட்டத்தை மீறியதாகாது. பதினேழு நாளில் பணம் பெற்றவர் நல்ல நிருவாகத்தின் பயனைப் பெற்றார். பதினாறு மாதம் காத்திருப்பவர் அதே சட்டத்தின் கீழேயே காத்திருக்கிறார்.

காத்திருப்புக்கு ஈடாக வட்டி தர வேண்டும் என்பது 244-ஏ பிரிவு. மாதத்திற்கு அரை விழுக்காடு என்பது அதன் அளவு. மேலே கூறிய பெண்மணியின் 8,400 ரூபாய்க்கு இது மாதம் 42 ரூபாய் ஆகும். அதே பணம் வங்கியில் இருந்திருந்தால் மாதம் 49 ரூபாய் ஈட்டியிருக்கும். குடிமகன் ஒருவர் 8,400 ரூபாய் வரியைத் தாமதமாகச் செலுத்தினால் மாதத்திற்கு ஒரு விழுக்காடு வீதம் 84 ரூபாய் அரசுக்குத் தர வேண்டும். குடிமகனின் தாமதத்திற்கு விலை 84. அரசின் தாமதத்திற்கு விலை 42. மேலும், முந்தைய ஜூன் மாதத்திலேயே பணம் பிடிக்கப்பட்டிருப்பினும், கணக்கு உரிய காலத்தில் தாக்கலானால், நிதியாண்டு முடிந்த பின் வரும் ஏப்ரல் முதல் நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். இடையிலுள்ள மாதங்களுக்கு ஈடில்லை. பிடித்த வரியைப் பொறுத்தவரை, திருப்புத் தொகை உரிய வரியில் பத்து விழுக்காட்டிற்குக் குறைந்தால் வட்டியே இல்லை. கிடைக்கும் வட்டியும் வரிக்குரிய வருமானமாகும்.

திருப்புத் தொகை குடும்பங்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. கொரோனா முடக்கத்தில் தொழில்கள் நின்றிருந்தபோது, ஜன தன கணக்கு வைத்திருந்த இருபது கோடிப் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு அரசு வழங்கியது. அதே வேளையில், ஏப்ரல் 8ஆம் நாள், 5 இலட்சம் ரூபாய் வரையிலான நிலுவை வருமான வரித் திருப்புத் தொகைகள் அனைத்தையும் உடனே வழங்குவதென நிதியமைச்சகம் அறிவித்தது. ஏறத்தாழ 14 இலட்சம் வரி செலுத்துவோர் பயன்பெறுவர் என்று கூறப்பட்டது. நெருக்கடியில் குடும்பத்தைத் தாங்கும் கருவிகளுள் ஒன்றாக அரசே இதை ஏற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. நெருக்கடியில் சில நாட்களில் செய்ய முடிந்ததை, அமைதிக் காலத்தில் இயல்பான கடமையாகக் கொள்வதே முறை.

நீதிமன்றங்கள் வகுத்த வரம்பு

கணிப்பொறி வேகத்தைத் தரும். தவற்றையும் அதே வேகத்தில் பெருக்கும். பெங்களூர் நிலையம் செயற்படத் தொடங்கிய சில ஆண்டுகளில் இது வெளிப்பட்டது. கணக்காயர் ஒருவர் எழுதிய கடிதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலுவைகள், சரிபார்க்கப்படாமலே கணிப்பொறியில் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றிற்கு ஈடாகப் புதிய திருப்புத் தொகைகள் கழிக்கப்பட்டன. அந்நிலுவை மெய்யானதா என்று கேட்கவும் வாய்ப்பளிக்கப்படவில்லை. பிடித்த வரி அரசின் பதிவேட்டில் ஏறாததால் பலருக்கு அதற்கான வரவும் மறுக்கப்பட்டது.

2013 மார்ச் 14ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் வரித்துறைக்குக் கட்டளைகள் பிறப்பித்தது. பழைய நிலுவைக்கு ஈடாகத் திருப்புத் தொகையைக் கழிக்குமுன் 245ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புத் தந்து, மறுமொழியைப் பரிசீலிக்க வேண்டும். பிழை திருத்த விண்ணப்பங்களைப் பதிவேட்டில் பதிந்து, குறித்த காலத்தில் முடிக்க வேண்டும். வரி செலுத்துவோர் தரப்பில் தவறில்லாதபோது வட்டியை மறுக்கலாகாது என்பவை அவற்றின் சாரம். இதைத் தொடர்ந்து நேர்முக வரிகளின் மத்திய வாரியமும் அதே ஆண்டு ஜூலையில் அலுவலர்களுக்கு அறிவுரை அனுப்பியது.

அலுவலர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய மற்றொரு விதி 205ஆம் பிரிவில் உள்ளது. ஊதியத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டுவிட்டால், அந்த அளவிற்கு ஊழியரிடம் மீண்டும் வரி கேட்கலாகாது. பிடித்த பணத்தை முதலாளி அரசிடம் செலுத்தாமல் விழுங்கியிருப்பின், அரசு தேட வேண்டியது அந்த முதலாளியை. நடைமுறையிலோ, பதிவேட்டில் வரவு ஏறாததைக் காட்டி ஊழியருக்கே கேட்பறிக்கை போகிறது. ஊதியச் சீட்டையும், வங்கிக் கணக்கில் வந்த நிகரத் தொகையையும் காட்டிப் பிடித்தத்தை மெய்ப்பிக்க அவருக்கு உரிமை உண்டு என்பதைப் பலர் அறியார்.

உரிமையின்றி அரசிடம் தங்கிய பணத்திற்கு வட்டி தர வேண்டிய கடமையும் உடன் எழுகிறது என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் 2014இல் டாட்டா கெமிக்கல்ஸ் வழக்கில் உறுதிப்படுத்தியது. அதில் வாதாடியது பெரிய நிறுவனம். ஆனால் கொள்கை 8,400 ரூபாய்க்கும் பொருந்தும். 42 ரூபாய் வட்டிக்காக யாரும் நீதிமன்றம் ஏற மாட்டார்கள் என்பதாலேயே, சிறு தொகைக்காரரின் காவலராக அலுவலர் தாமே இருத்தல் வேண்டும்.

சட்ட மன்றத்தில் காக்கப்பட்ட உரிமை

1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2026 ஏப்ரல் முதல் செயற்படுமாறு புதிய வருமான வரிச் சட்டம் 2025இல் இயற்றப்பட்டது. முந்தைய ஆண்டுகளின் கணக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும். புதிய சட்டம் உருவான வரலாற்றில் மாணவர்கள் கருத வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 2025 பிப்ரவரியில் மக்களவையில் வைக்கப்பட்ட முதல் மசோதாவில், திருப்புத் தொகை கோருவோர் உரிய கெடுநாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்னும் விதி இடம்பெற்றிருந்தது. அது அப்படியே நிறைவேறியிருந்தால், நோயினாலோ அறியாமையினாலோ ஒரு நாள் தவறியவரும் தம் பணத்தை இழக்க நேரும்.

பைஜயந்த் பாண்டா தலைமையிலான தெரிவுக் குழு அவ்விதியை நீக்கப் பரிந்துரைத்தது. வரி செலுத்தும் அளவிற்கு வருமானம் இல்லாதோரும், பிடிக்கப்பட்ட வரியைப் பெறுவதற்காகவே கணக்குத் தாக்கல் செய்ய நேர்வதைக் குழு கருத்திற்கொண்டது. ஆகஸ்டில் திருத்தி நிறைவேற்றப்பட்ட சட்டத்தில் அவ்விதி இல்லை. ஒரு சிறு உட்பிரிவின் நீக்கம் எண்ணற்ற சிறு குடும்பங்களைக் காத்தது. தாமதக் கணக்கிற்கான காலமும் கடந்துவிட்டால், மெய்யான இடையூற்றைக் காட்டி விலக்குக் கோரலாம். 2024 அக்டோபரில் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஐந்து ஆண்டு எல்லை வகுத்தது. இயன்றவரை ஆறு மாதத்திற்குள் முடிவு செய்யுமாறும் பணித்தது.

தரகரும் ஏமாற்றுவோரும்

திருப்புத் தொகையைச் சுற்றி இருவகைத் தீமைகள் வளர்ந்துள்ளன. முதல் வகையினர், கூடுதல் பணம் பெற்றுத் தருவதாகக் கூறும் தரகர்கள். கட்டாத வாடகையையும் தராத நன்கொடையையும் கணக்கில் காட்டித் திருப்புத் தொகையைப் பெருக்குவர். அதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு மறைவர். 2025 ஜூலையில் வரித்துறை நாடெங்கும் இத்தகைய பொய்க் கோரிக்கைகளை ஆராய்ந்து நடவடிக்கை எடுத்தது. கணக்கில் பெயர் யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே. வரியும் வட்டியும் தண்டமும் அவரையே சாரும். ஒருவர் செய்யும் பொய்க் கோரிக்கையால் ஆயிரம் பேரின் மெய்க் கோரிக்கை ஐயத்திற்குள்ளாகித் தாமதமாகிறது என்பதும் எண்ணத்தக்கது.

இரண்டாம் வகையினர், வரித்துறையின் பெயரால் செய்தி அனுப்பும் மோசடிக்காரர்கள். திருப்புத் தொகை ஒப்புதலாகிவிட்டது, வங்கி விவரத்தை உறுதி செய்க என்று கைபேசிக்குச் செய்தி வரும். வரித்துறை ஒருபோதும் மறைச்சொல்லையோ அட்டை எண்ணையோ ஒருமுறைக் குறியெண்ணையோ இவ்வாறு கேட்பதில்லை. துறையின் வலைத்தளத்தில் வரி செலுத்துவோர் தாமே முன்கூட்டி உறுதி செய்த வங்கிக் கணக்கிற்கே பணம் வரும். அக்கணக்கில் உள்ள பெயரும் நிரந்தரக் கணக்கு எண்ணில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். 2023 ஜூலை முதல், ஆதாருடன் இணைக்கப்படாத எண் செயலிழந்ததாகக் கருதப்பட்டு, இணைக்கும் வரை திருப்புத் தொகையும் அக்காலத்திற்குரிய வட்டியும் நிறுத்தப்படுகின்றன. மோசடிக்காரர் பறிப்பது ஒருபுறம் இருக்க, எழுத்துப் பிழையொன்றால் நின்றுபோகும் தொகைகளும் உண்டு.

எஞ்சியுள்ள பணி

2020 ஆகஸ்ட் 13ஆம் நாள் வரி செலுத்துவோர் சாசனம் வெளியிடப்பட்டது. வரி செலுத்துவோரை நேர்மையானவராகக் கருதுதல், சட்டப்படி உரிய தொகையை மட்டுமே பெறுதல், காலத்தே முடிவெடுத்தல், குறை கேட்கும் வழி அமைத்தல் ஆகிய வாக்குறுதிகள் அதில் உள்ளன. இச்சாசனத்திற்கு அதே ஆண்டின் நிதிச் சட்டத்தால் சட்ட அடிப்படையும் கிடைத்தது. அதற்கு ஓராண்டு முன்னரோ, வருமான வரிக் குறைதீர்ப்பாளர் பதவி 2019 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. மின்வழிக் குறைதீர்ப்பு முறைகள் அதன் இடத்தை நிரப்பும் என்று கருதப்பட்டது. கணிப்பொறி கையாளத் தெரிந்தவருக்கு இது பொருந்தும். வங்கிக் கிளையின் வாயிலில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் முதியவருக்கு, அவர் மொழியில் விளக்கும் ஒரு மனிதர் தேவை.

செய்ய வேண்டியவை பல இல்லை. வரி இல்லாதோரின் சிறு திருப்புத் தொகைகளுக்கு, நடைமுறையில் எய்தப்பட்ட விரைவையொட்டிச் சட்டத்திலேயே குறுகிய காலக்கெடு வகுக்கலாம். வட்டி விகிதத்தில் அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள வேற்றுமையைக் குறைக்கலாம். வைப்புத்தொகை பெறும் நாளிலேயே உறுதிமொழிப் படிவத்தைப் பற்றி வங்கிகள் தாய்மொழியில் தெரிவிக்கலாம். கல்லூரி மாணவர்கள் ஆண்டிற்கு ஒரு வாரம் தம் பகுதியிலுள்ள முதியோரின் கணக்குகளை நிரப்பித் தரும் தொண்டை மேற்கொள்ளலாம். இவற்றுள் பின்னிரண்டுக்கும் சட்டத் திருத்தமோ பெரும் பொருட்செலவோ வேண்டியதில்லை.

வரி செலுத்துவது குடிமைக் கடன் என்று அரசு மக்களுக்கு ஓயாது எடுத்துரைக்கிறது. அது முற்றிலும் சரியே. கடன் இருபுறமும் உண்டு என்பதை மக்கள் உணர்வது, தமக்கு வர வேண்டிய சிறு தொகை கேட்காமலே வீடு வந்து சேரும் நாளில்தான். அந்த நம்பிக்கை வேரூன்றினால், வரியைத் தாமே முன்வந்து செலுத்துவோர் தொகையும் பெருகும். மேசையின் மீதுள்ள ஒவ்வொரு திருப்புத் தொகைக் கோப்பிலும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு அடங்கியிருக்கிறது என்னும் நினைவோடு அலுவலர்கள் பணியாற்றுதல் வேண்டும்.